ஆட்சேபணை இல்லை

அக்டோபர் 29

என் வீட்டு மேலதிகாரிக்கு,

சல்யூட் அடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருக்கிற மெக்கானிக் சிரிக்கிறான். சிரிக்கட்டும், அவன் பொண்டாட்டிக்கு அவன் தரையில் விழுந்தே கும்பிடுவான்.

நான் நன்றாக இருக்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை தண்ணீர் லாரியை மேட்டுக்கு ஏற்றுகிறேன். மேலே நாலு காவல் முகாம், நூற்றுச் சொச்சம் ஆட்கள். நான் இரண்டு நாள் படுத்துவிட்டால் துப்பாக்கி வைத்திருக்கிறவனெல்லாம் நாறிப்போவான். அதை யாரும் சொல்ல மாட்டார்கள். பதக்கம் குறிபார்த்துச் சுடுகிறவனுக்குத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வருடக் கடைசி விடுமுறைக்கு எங்கள் பிரிவில் நாற்பத்தொரு பேரில் பத்துப் பேர் இங்கேயே இருக்க வேண்டும். யார் அந்தப் பத்துப் பேர் என்று எங்கள் கமாண்டர், நாங்கள் 'பெரியவர்' என்போமே, அவர் தன் வாயால் சொல்ல மாட்டாராம். கெட்ட பேர் வந்துவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் வருகிறது. அதில் இரண்டு கட்டம், ஒன்று மனைவிக்கு, ஒன்று பெற்றோருக்கு. 'விடுமுறைக் காலத்தில் இவர் பணியில் நீடிக்க எங்களுக்கு ஆட்சேபணை உண்டு / இல்லை.' இரண்டில் ஒரு கட்டத்தில் 'உண்டு' என்று இருந்தாலே ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எல்லாரும் அப்படிப் போட்டுவிட்டால் கல்யாணமாகாத பையன்கள் மாட்டுவார்கள். அது அவர்கள் தலையெழுத்து.

வெறும் 'உண்டு' போதாது, காரணமும் எழுத வேண்டும். இதை அப்படியே பார்த்து எழுது: 'மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். டாக்டர் கைவிரித்துவிட்டார். ஒரே மகன்.' அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் உயிரோடு இருக்கும்போதே சாகடிக்கிறானே என்று சண்டைக்கு வரும். கையெழுத்தைக் கொஞ்சம் நடுங்கினமாதிரி போடச் சொல்.

பத்து நாள். மணி பார்க்காமல் தூங்க வேண்டும்.

குட்டிக்கு முத்தம்.


நவம்பர் 10

குட்டியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கண்புரை இரண்டு கண்ணிலும் இறங்கிவிட்டது, எழுத்து தெரிவதில்லை. படுத்த படுக்கை என்ற இடத்தில் சிரித்தார். படிவம் இன்னும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் கூட்டம். சலவைப் பிரிவுக்கு ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு வருகிறது. ஈர விரிப்பை உதறும்போது மணிக்கட்டு பிடித்துக்கொள்கிறது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் குளிர்காலம் முழுக்க வலிக்கும் என்று டாக்டர் சொன்னார்.

நேற்று, எங்கள் சலவைப் பிரிவில் இருந்த சுவிட்சு அக்காவைப் பார்த்தேன். பேருந்து நிலையத்தில், கட்டணக் கழிப்பறை வாசலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் தெரியாதமாதிரி நடந்தேன். அவர் விடவில்லை.

"கை எப்படி இருக்கு?"

"பரவால்லக்கா."

"பரவால்லாமத்தான் இருக்கணும். அதுக்குத்தானே நான் இங்க உக்காந்திருக்கேன்."

இதைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். போன வருடக் கடைசியில், நீங்கள் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை என் மணிக்கட்டு உடைந்தது. வெளியே தெரிந்தால் உங்கள் வேலைக்கு ஆபத்து என்றார் அத்தை. என்ன செய்ய வேண்டும் என்றும் அவரே சொல்லிக்கொடுத்தார். உடைந்த கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனேன். விரிப்பைத் தேய்க்கும் உருளைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அக்கா சுவிட்சைப் போட்டதும் கத்தினேன். நான் கையை எடுப்பதற்குள் அவர் போட்டுவிட்டார் என்று எழுதிக் கையெழுத்திட்டேன், இடது கையால். விசாரணை இருபது நிமிடம்தான் நடந்தது. பதினோரு வருடம் வேலை பார்த்தவரை அன்று மாலையே வெளியே அனுப்பினார்கள். என் வைத்தியம் இலவசம்.

இன்னொரு பொய்க்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். படிவம் வந்தால் உள்ளதை எழுதுவேன். உள்ளது என்ன என்று எனக்கே இன்னும் தெளிவில்லை. நீங்கள் வரவேண்டும் என்றும் இருக்கிறது. படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் குட்டி கட்டிலுக்கு அடியில் போய்விடுவாளோ என்றும் இருக்கிறது.

ஒன்று செய்யுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரே வரி. மன்னிப்பு கேட்க வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். அதைப் பார்த்துவிட்டு 'உண்டு' என்று போட்டு, காரணத்தை நானே எழுதிக்கொள்கிறேன்.


நவம்பர் 19

நீ கேட்ட ஒரு வரி: காற்றில் பால்கனிக் கதவு சாத்திக்கொண்டது, நீ கையை நடுவில் கொடுத்தாய்.

போதுமா? இதற்காக ஒருவன் கடிதம் எழுதக் காத்திருக்க வேண்டுமா?

குட்டியைப் பால்கனியில் நிற்க வைத்தேன், ஆமாம். நான் தூங்கும்போது பாத்திர மூடியைக் கீழே போட்டாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அரை மணி நேரம் நின்றால் புத்தி வரும் என்று நினைத்தேன். குளிராக இருந்தது என்பாய். இங்கே நாங்கள் நிற்கிற குளிருக்கு அதெல்லாம் ஒரு குளிரா? அதில் நான் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்பேன். நீ வந்து கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது.

நான் குடிக்கிறேனா? உன்னைக் கை நீட்டி அடித்திருக்கிறேனா? இங்கே வந்து கேட்டுப் பார், என்னைப்போலச் சாதுவான ஆள் பிரிவிலேயே இல்லை என்பார்கள்.

போன வியாழக்கிழமை எனக்கு முன்னால் போன ரேஷன் வண்டி கண்ணிவெடியில் போய்விட்டது. நடுவில் முப்பது அடி இருந்திருக்கும். டிரைவர் நல்ல மனிதன், காலையில்தான் என்னிடம் தீப்பெட்டி வாங்கினான். தீயை அணைக்க என் லாரித் தண்ணீரைத்தான் திறந்துவிட்டேன். மறுநாள் அதே பாதையில் மறுபடியும் மூன்று தடவை ஏற்றினேன். யாரும் என்னிடம் 'உனக்கு ஆட்சேபணை உண்டா' என்று கேட்கவில்லை. எனக்கு உன் பக்கத்தில் பத்து நாள் தூங்க வேண்டும். அவ்வளவுதான். இதைக்கூடப் பேரம் பேசிக் கொடுக்கிறாய்.

படிவம் இந்நேரம் வந்திருக்கும். மெக்கானிக்கின் பொண்டாட்டி வந்த அன்றே நிரப்பிவிட்டாளாம். உனக்கு அவ்வளவு வைராக்கியம் இருந்தால் 'இல்லை' என்று போட்டுத்தான் பாரேன். போட மாட்டாய். எனக்கு உன்னைத் தெரியும்.


டிசம்பர் 3

போட்டுவிட்டாய்.

இன்று காலை அணிவகுப்பில் நாற்பத்தொரு பேர் நடுவில் என் பெயரை வாசித்தார்கள். ஆட்சேபணை வராத பெயர் மொத்தம் மூன்று; மீதி ஏழுக்குக் கல்யாணமாகாத பையன்களைப் பிடிப்பார்களாம். ஒருவன் அனாதை இல்லத்தில் வளர்ந்தவன், படிவத்தை நிரப்பக்கூட அவனுக்கு ஆள் இல்லை. இன்னொருவனுக்குப் போன மாதம்தான் விவாகரத்து. மூன்றாவது நான். மனைவி, மகள், அம்மா எல்லாரும் இருக்கிற ஆள்.

பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? என்னை முன்னால் கூப்பிட்டுக் கையைக் குலுக்கினார். "இப்படிப்பட்ட குடும்பம்தான்யா நாட்டுக்கு வேணும். உன் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லு" என்றார். எல்லாரையும் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். வேறு எப்படி நிற்பது?

சாப்பாட்டு வரிசையில் மெக்கானிக் ஆரம்பித்தான். "என்னண்ணே, வீட்ல ஆட்சேபணையே இல்லையாமே? எங்க வீட்ல ரெண்டு பக்கம் எழுதி, எடம் பத்தாம ஒட்டுத்தாள் வேற வச்சிருக்கா." சமையல்காரன் கரண்டியோடு குறுக்கே வந்தான்: "விடுறா, அண்ணி தேசபக்தை." சாப்பாட்டைத் தட்டோடு அவன் முகத்தில் எறிந்திருப்பேன். எறியவில்லை. நான் எதையும் எறிகிறவன் இல்லை.

யார் அவன்? எந்த மனைவியும் காரணம் இல்லாமல் புருஷனை மலையில் நிறுத்தி வைக்க மாட்டாள். சலவைப் பிரிவின் மேற்பார்வையாளனா? மாடி வீட்டுக்காரனா? சொல்லிவிடு, தெரிந்துகொண்டு தூங்குகிறேன்.

அம்மாவிடம் படிவத்தைக் காட்டாமலே மறைத்து அனுப்பியிருப்பாய். கண் தெரியாத மனுஷியை ஏமாற்றுவது பெரிய காரியமா? அம்மாவுக்கு இது தெரிந்தால் உன்னை ஒரு நிமிடம் அந்த வீட்டில் வைக்காது. இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் அதற்குப் படித்துக் காட்டு. துணிச்சல்காரி ஆயிற்றே.


டிசம்பர் 10

குட்டியின் அப்பாவுக்கு,

ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். 'யார் அவன்' என்பதையும் படித்தேன். அத்தை எழுந்து போய்க் கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தார். துணி இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

யாரும் இல்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து சமைத்து, குட்டியைப் பள்ளியில் விட்டு, அறுநூறு விரிப்பை உதறி, திரும்பி வந்து சமைக்கிற ஒருத்திக்கு எவன் வருவான்? வந்தாலும் தூங்கிப் போவேன்.

நான் கேட்டது ஒரு வரி. நீங்கள் காற்றைப் பற்றி எழுதினீர்கள். அன்று காற்று இல்லை. நான் கதவைத் திறந்து குட்டியை இழுக்கக் கையை நீட்டினேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினீர்கள். நான் கத்திய பிறகும் தோளைக் கொடுத்து அழுத்தினீர்கள். கோபமாகக்கூட இல்லை. லாரியின் பின்கதவைச் சாத்துகிறவர் மாதிரி இருந்தீர்கள். அதுதான் என்னால் மறக்க முடியவில்லை. நீங்கள் அடிக்கிற ஆளாக இருந்திருந்தால் எப்போது அடிப்பீர்கள் என்றாவது எனக்குத் தெரிந்திருக்கும்.

ரேஷன் வண்டி டிரைவரைப் பற்றிப் படித்து அழுதேன். அதையும் எழுதத்தான் வேண்டும். அந்தப் பாதையில் உங்களைத் தினமும் மூன்று தடவை அனுப்புகிறார்கள். பிறகு அங்கே உங்களுக்குள் சேர்ந்ததையெல்லாம் பத்து நாள் விடுமுறை என்று எங்கள் வீட்டில் கொட்ட அனுப்புகிறார்கள். அனுப்பலாமா வேண்டாமா என்ற கேள்வியையும் எங்களிடமே தள்ளிவிடுகிறார்கள். படிவத்தில் கட்டத்துக்கு மேலேயே 'உங்கள் தியாகத்துக்கு நன்றி' என்று அச்சடித்திருக்கிறது, சுற்றிலும் பூவேலை. நான் என்ன எழுதப்போகிறேன் என்று தெரிவதற்கு முன்னாலேயே நன்றி. உங்கள் பெரியவரின் வணக்கம் வந்து சேர்ந்தது என்று சொல்லுங்கள். அவர் வீட்டு அம்மாவுக்கு இந்தப் படிவம் போகிறதா என்றும் கேளுங்கள்.

அப்பா இந்த முறை வரவில்லை என்று குட்டியிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப பால்கனில போய் வெளாடலாமா?"

அத்தையைப் பற்றி இனிமேல் எதுவும் எழுதாதீர்கள். உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்.


டிசம்பர் 15

சரி. நீ சொல்கிறபடியே.

கதவை நான்தான் சாத்தினேன். உன் கை இருப்பது தெரிந்தே சாத்தினேன். தோளைக் கொடுத்து அழுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுப் பால்கனியில். உருளையும் இல்லை, சுவிட்சும் இல்லை. கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

நீ கேட்டதைக் கொடுத்துவிட்டேன். இனி உன் முறை.

ஆபீஸ் கிளார்க்கைப் பிடித்துக் கேட்டேன். எங்கள் படிவங்களை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம், பார்க்க முடியாது. ஆனால் பெற்றோர் கட்டம் காலியாக இருந்திருந்தால் இருபத்திரண்டாம் தேதிக்குள் புதிதாக ஒன்று அனுப்பலாம் என்றான். அவனுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் செலவு. இதோடு ஒரு வெற்றுப் படிவம் வைத்திருக்கிறேன். உன் கட்டத்தை நீ தொட வேண்டாம், உன் வைராக்கியம் உன்னோடு இருக்கட்டும். அம்மா தன் கட்டத்தில் 'உண்டு' என்று எழுதினால் போதும். ஒரு கையெழுத்து. விரைவுத் தபாலில் போட்டால் இரண்டு நாளில் கிடைத்துவிடும்.

அம்மாவிடம் கொடு, நான் கேட்டேன் என்று சொல். நான் கேட்டு அது எதையும் இல்லை என்று சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் எவன் மண்டையை உடைத்துவிட்டு வந்தாலும் முந்தானைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, என் மகன் வீட்டிலேயே இல்லை என்று வாசலில் நின்று சத்தியம் செய்யும். இப்போதும் செய்யும்.

இங்கே முப்பத்தொரு பேர் பெட்டி கட்டுகிறார்கள். கயிறு இழுக்கிற சத்தம், பாட்டு, சிரிப்பு. என்னால் இதைக் கேட்டுக்கொண்டு கிடக்க முடியவில்லை. தயவுசெய்து. இந்தச் சொல்லை நான் உனக்கு எழுதியதே இல்லை என்று நினைக்கிறேன்.


டிசம்பர் 19

குட்டியின் அப்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னேன். கேட்கவில்லை. இனி மறைத்துப் பயனில்லை.

முதல் படிவம் வந்து மூன்று நாள் மேசையில் கிடந்தது. உங்கள் காற்றுக் கடிதம் வந்த பிறகும் நான் 'உண்டு' என்றுதான் எழுதப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருந்தது. பேனாவை எடுப்பேன், பாத்திரம் கழுவப் போய்விடுவேன். நாலாம் நாள் வேலை முடிந்து வந்தால் அத்தையின் கட்டம் நிரம்பியிருந்தது. 'இல்லை'. எழுத்து பாதி கட்டத்துக்கு வெளியே ஓடியிருந்தது. குட்டியைக் கூப்பிட்டு, கட்டம் எங்கே இருக்கிறது என்று அவள் விரலை வைத்துக் காட்டச் சொல்லி எழுதியிருக்கிறார்.

"என்ன அத்தை இது?"

"படிச்சவதானே நீ? படி."

"உங்க பையன் அத்தை."

"நான் பெத்ததுதான். எனக்குத் தெரியாதா?" அவரே தொடர்ந்தார். "அன்னிக்கு நீ கத்தினப்போ நான் என்ன பண்ணேன் தெரியுமா? டி.வி. சத்தத்தைக் கூட்டி வச்சேன். இவன் அப்பன் காலத்துல டி.வி. ஏது? குழாயைத் தெறந்து விடுவேன். பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுல்ல. அப்பவும் கதவுதான், இவனுக்கு அப்ப அஞ்சு வயசு, பாத்துக்கிட்டு நிப்பான். இவன் இப்ப வந்தா நான் மறுபடியும் சத்தத்தைத்தான் கூட்டுவேன். எனக்கு வேற பழக்கமில்ல. அதனால வர வேணாம்."

அதற்குப் பிறகுதான் நான் எழுதினேன். அவர் எழுதாமல் இருந்திருந்தால் நீங்களும் இப்போது ரயிலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நீங்கள் அனுப்பிய புதுப் படிவத்தையும் கொடுத்தேன். நீங்கள் கேட்டீர்கள் என்றும் சொன்னேன். கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். "நான் படுத்த படுக்கையாக் கெடக்கேன்னு எழுது. எழுந்து கையெழுத்துப் போட முடியலையாம்னு எழுது" என்றார். சொல்லிவிட்டு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் எழுதிய அந்த வரிகளைப் பலமுறை படித்தேன். ஒரு வருடம் காத்திருந்த வரிகள். வந்தபோது எனக்கு அவற்றால் ஒரு உபயோகமும் இல்லை. விலைச்சீட்டோடு வந்தன. ஆனால் வேறொருவருக்கு உபயோகம் இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனேன். சுவிட்சு அக்கா மேசைக்குப் பின்னாலிருந்து எழாமலே இரண்டு தடவை படித்தார்.

"இதைக் குடுத்தா உன் வேலை போயிடுமேடி."

"ஆமாக்கா."

"சரி, குடு" என்று வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லைதான். ஆனாலும் நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி அலுவலகத்தில் விசாரணை. போன வருடம் பொய் எழுதிக் கொடுத்தேன் என்று இந்த முறை வலது கையால் எழுதிக் கொடுக்கப்போகிறேன்.


ஜனவரி 3

விடுமுறை நன்றாகக் கழிந்தது. கவலைப்பட வேண்டாம்.

பத்துப் பேருக்கு இரண்டு கோழி, டின்னில் அடைத்த பழம், ஆளுக்கு ஒரு புதுக் கம்பளி. பெரியவர் இருபத்தொன்றாம் தேதியே ஹெலிகாப்டரில் வீட்டுக்குப் போய்விட்டார். வாழ்த்தை ரேடியோவில் சொன்னார். அனாதைப் பையன் சீட்டாட்டத்தில் கெட்டிக்காரன், என் கம்பளியைத் தோற்றுவிட்டேன். வருடம் பிறந்த அன்றும் மூன்று தடவை ஏற்றினேன். பாதையில் ஒன்றும் ஆகவில்லை.

உன் கடிதத்தைப் படித்தேன். அம்மா சொன்னதையும் படித்தேன். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

என் கையெழுத்தைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை, தண்ணீர் ஏற்ற ஆள் வேண்டுமே. இந்நேரம் உனக்குத்தான் வேலை போயிருக்கும். பரவாயில்லை. இனி என் சம்பளத்தில்தான் வீடு நடக்க வேண்டும். அதில் ஒரு குறையும் வைக்க மாட்டேன், ஒன்றாம் தேதி வந்துவிடும். வேறு இடத்தில் வேலை தேடாதே. நற்சான்று கேட்பார்கள், உனக்கு யார் கொடுப்பார்கள்? வீட்டை மாற்றலாம் என்று நினைத்தால் முகவரியை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் பணம் வரும். முகவரி எனக்கும் வரும்.

கிளார்க் விதிப் புத்தகத்தைக் காட்டினான். நானே வாசித்தேன். ஒரே ஆளைத் தொடர்ந்து இரண்டு வருடக் கடைசிக்கு நிறுத்தி வைக்கக் கூடாது. அந்தப் படிவம் இந்த ஒரு தடவைக்குத்தான். அடுத்த முறை உன்னையும் கேட்க மாட்டார்கள், அம்மாவையும் கேட்க மாட்டார்கள். விடுபட்ட பத்து நாளையும் சேர்த்துக் கொடுப்பார்கள். மொத்தம் இருபது நாள்.

டிசம்பர் இருபதாம் தேதி காலை வண்டிக்கு வருவேன். தேதியைக் குட்டியிடம் இப்போதே சொல்லிவை. நாள் எண்ணிக்கொண்டிருக்கட்டும்.